பலூனா, ஸ்டென்ட்டா: மகளின் மேல் பெருஞ்சிரையோடு ஆறு ஆண்டுகள்

மகளுக்குக் கன்னம் வைத்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். 2018 ஜூனில், நாலு வயதில், அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த பிப்ரவரியில், எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளையின் முகம் உருண்டுவந்தது. "இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கா" என்று அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டார்.

நாங்கள் இருப்பது இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு. தேயிலைத் தோட்டப் பகுதி. வருடத்தில் பாதி நாள் பிள்ளைகள் ஸ்வெட்டரோடுதான் பள்ளிக்குப் போவார்கள். ஒருநாள் காலை ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டும்போது "கழுத்து இறுக்குதும்மா" என்று அழுதாள். கையும் காலும் பழையபடி குச்சியாகத்தான் இருந்தன. முகமும் கழுத்தும் மட்டும் பெருத்திருந்தன. சாயங்காலம் அவள் பள்ளி விட்டு வந்தபோது அந்த ஸ்வெட்டர் கழுத்தில் தளர்ந்து கிடந்தது. காலையில் வீக்கம், நடமாடினால் வடிகிறது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் சிறுநீரகமாக இருக்கலாம் என்றார்கள். சிறுநீரில் புரதம் பார்த்தார்கள், இல்லை. அப்புறம் அலர்ஜி என்று சிரப் கொடுத்தார்கள். ஆறு வாரம் போனது. முகம் வீங்கிய குழந்தைக்குச் சிறுநீரகத்தைப் பார்ப்பது சரியான காரியம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நெஞ்சில் அவ்வளவு நீளத் தழும்பு இருக்கும் பிள்ளையின் பழைய அறுவை சிகிச்சைக் காகிதத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் எடுத்துக்கொண்டு போகவில்லை. முகத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

சம்பந்தம் இதுதான். தலை, கழுத்து, இரண்டு கைகள் ஆகியவற்றிலிருந்து திரும்பும் ரத்தம் முழுவதும் மேல் பெருஞ்சிரை என்ற ஒற்றைக் குழாய் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குள் இறங்குகிறது. அது குறுகினால் மேலே ரத்தம் தேங்கும். படுத்திருக்கும்போது தேக்கம் அதிகம், எழுந்து நின்றால் புவியீர்ப்பு கொஞ்சம் இழுத்துவிடும். அதனால்தான் காலை முகம் ஒன்று, மாலை முகம் ஒன்று. பிறகு யோசித்தபோது மற்ற அடையாளங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் தலை வலிக்கிறது என்பாள். இரண்டு தலையணை வைத்தால்தான் தூங்குவாள். குளிப்பாட்டும்போது நெஞ்சின் மேல்பகுதியில் நீலநிறக் கோடுகள் தெரிந்தன. பிள்ளை சிவப்பு, அதனால் தெரிகிறது என்று விட்டுவிட்டேன். நேர்வழி அடைபட்ட ரத்தம் தோலுக்கடியில் பக்கவழி தேடிய கோடுகள் அவை.

அவளுக்குப் பிறவியிலேயே இருந்த குறை, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் உயரத்தில் ஓர் ஓட்டை. கூடவே, வலது நுரையீரலிலிருந்து வரும் சிரைகள் இடப்பக்கம் போகாமல் மேல் பெருஞ்சிரைக்குள்ளேயே வந்து கலந்தன. இதற்குச் செய்த அறுவைக்கு வார்டன் முறை என்று பெயர். மேல் பெருஞ்சிரையை நடுவில் வெட்டி, அதன் மேல்பாதியைக் கொண்டுவந்து வலது மேலறையின் ஓரத்தில் புதிதாகத் தைப்பார்கள். கீழ்ப்பாதி நுரையீரல் ரத்தத்தை ஓட்டை வழியாக இடப்பக்கம் அனுப்பும். நல்ல முறை. ஆனால் புதிதாகத் தைத்த அந்த வாய், தழும்பு இறுகிக் குறுகக்கூடும் என்பது அறியப்பட்ட பின்விளைவு. டிஸ்சார்ஜ் நாளில் எங்களிடமும் சொல்லியிருப்பார்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், மாத்திரை நேரம் எல்லாம் நினைவில் நின்றது, இது நிற்கவில்லை. இப்போது எந்தப் பெற்றோர் கேட்டாலும் நான் முதலில் சொல்வது: மேல் பெருஞ்சிரையைத் தொட்ட அறுவையோ, கழுத்துச் சிரையில் நாள்கணக்கில் குழாய் வைத்த சிகிச்சையோ நடந்திருந்தால், முதல் ஒரு வருடம் வாரம் ஒருமுறை குழந்தை கண் விழித்ததும் முகத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு வீக்கம் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு போட்டோவில் தெரியும்.

எர்ணாகுளத்தில் எக்கோ, பிறகு சி.டி. ஸ்கேன். மலையாளத்தில் டாக்டர் "ஞரம்பு சுருங்ஙியிருக்கு" என்றார். அத்தைக்கு அது நரம்பு என்று காதில் விழுந்து, பேத்திக்குக் கைகால் வராமல் போய்விடும் என்று அழ ஆரம்பித்துவிட்டார். நம் பேச்சிலும் நரம்பு என்றால் இரண்டையும்தான் சொல்கிறோம். "ரத்தக்குழாயா டாக்டர், சிரையா தமனியா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. சிரை என்று தெரிந்தால்தான் அடுத்து அவர்கள் சொல்லும் எண்ணின் அர்த்தம் புரியும்.

அந்த எண்ணில்தான் நான் தடுமாறினேன். குறுகிய இடத்துக்கு மேலும் கீழும் அழுத்த வித்தியாசம் 8 மில்லிமீட்டர் பாதரசம் என்றார்கள். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார், அவருக்கு பி.பி. 150 இருக்கிறது. எட்டு ஒரு எண்ணா என்று தோன்றியது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். தமனியில் அழுத்தம் நூறை ஒட்டி ஓடுகிறது. அங்கே இருபது வித்தியாசம் வந்தால் கவலைப்படுவார்கள். பெருஞ்சிரையில் மொத்த அழுத்தமே ஐந்தாறுதான். ஆரோக்கியமான சிரையில் வித்தியாசம் கிட்டத்தட்ட சுழி. இரண்டு மூன்று வந்தாலே பொருட்படுத்த வேண்டும், எட்டு என்றால் தலையில் அவ்வளவு தேக்கம். அதற்கும் மேல், பக்கவழிகள் நன்றாகத் திறந்துவிட்டால் அடைப்பு கடுமையாக இருந்தும் எண் சிறிதாகக் காட்டலாம். எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் படத்தையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அவளுக்கு அசைகஸ் என்ற முக்கியமான பக்கச் சிரையை அறுவையிலேயே கட்டி அடைத்திருந்தார்கள். அதனால் பெரிய பக்கவழிக்கும் வாய்ப்பில்லை. மேலே 10 மி.மீ. அகலம் இருந்த சிரை, தைத்த இடத்தில் 4 மி.மீ. இருந்தது.

முதல் சிகிச்சை 2019 ஏப்ரலில், பலூன். தொடைமடிப்புச் சிரை வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் கொண்டுபோய், குறுகலைத் தாண்டி நிறுத்தி, அதன்மேல் பலூனை ஏற்றி, சில விநாடிகள் ஊதி விரிப்பார்கள். சிறு குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். திரையில் பலூனுக்கு இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் தெரியும். ஊத ஊத அந்த இடுப்பு மறைந்தால் குறுகல் விட்டுக்கொடுத்தது என்று அர்த்தம். அவளுக்கு அதிக அழுத்தம் இல்லாமலே மறைந்தது. 8 இருந்தது 3 ஆனது. மறுநாள் காலை முகத்தைப் பார்த்து நானும் கணவரும் ஒன்றும் பேசவில்லை. பழைய மெலிந்த முகம். அவ்வளவு அழகாக இருந்தது.

ஆகஸ்டில் ஸ்வெட்டர் மறுபடி இறுகியது. இந்த முறை ஆறு வாரம் காத்திருக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் போட்டோக்களைக் காட்டினேன், அதே வாரம் எக்கோ எடுத்தார்கள். வித்தியாசம் மறுபடி 7.

"முதலில் செய்த பலூன் வீண்தானே?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. பலூன் சிகிச்சை மட்டுமல்ல, அது ஒரு பரிசோதனையும்கூட. குறுகல் எந்த ரகம் என்பதை அதுதான் சொல்கிறது. சிரையின் சுவர் தமனியைவிட மெல்லியது, நெகிழ்வானது. சில குறுகல்கள் பலூன் ஊதும்போது முழுதாக விரிந்து, பலூனைச் சுருக்கிய பின் ரப்பர் மாதிரி பழைய இடத்துக்குத் திரும்பும். சிரை மடங்கியிருந்தாலும், வெளியிலிருந்து எதுவும் அழுத்தினாலும் அப்படித்தான். அந்த ரகத்துக்கு எத்தனை பலூன் போட்டாலும் நிற்காது, உள்ளிருந்து தாங்கிப்பிடிக்கக் கம்பிவலை வேண்டும். அதுதான் ஸ்டென்ட். வேறு சில குறுகல்கள் கெட்டித் தழும்பு. சாதாரண பலூனின் இடுப்பு மறையவே மறையாது. அங்கே உயர் அழுத்த பலூன் போடுவார்கள், அல்லது மேற்பரப்பில் நுண்ணிய கத்திகள் பதித்த வெட்டும் பலூனால் தழும்பைக் கீறிவிட்டு விரிப்பார்கள். விரியாத தழும்புக்குள் அவசரப்பட்டு ஸ்டென்ட் வைத்தால் அதுவும் பாதியில் இறுகி நின்றுவிடும். பிறகு எடுக்கவும் முடியாது. முதல் பலூனில் இடுப்பு எளிதில் மறைந்ததால்தான், ஸ்டென்ட் வைத்தால் முழுதாக விரியும் என்று எங்கள் டாக்டரால் நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. இடையில் பிள்ளையின் எடையும் 14 கிலோவிலிருந்து 16 ஆனது. அந்த இரண்டு கிலோவுக்கு மதிப்பு உண்டு.

ஏன் என்றால், குழந்தைக்கு ஸ்டென்ட் வைப்பதில் உள்ள உண்மையான சிக்கல் வளர்ச்சி. பலூனை எடுத்துவிட்டால் உள்ளே எதுவும் மிச்சமில்லை, சிரை பிள்ளையோடு வளரும். ஸ்டென்ட் உலோகம், தானாக வளராது. அஞ்சு வயதில் 10 மி.மீ. இருக்கும் மேல் பெருஞ்சிரை, பெரியவளானதும் 18, 20 மி.மீ. வரை போகும். ஆக, இன்று பத்துக்கு விரித்து, நாளை பதினெட்டுக்கு விரிக்கக்கூடிய பெரிய ரக ஸ்டென்ட்டைத்தான் வைக்க வேண்டும். அந்த ரகத்தை ஏற்றிக்கொண்டு போகும் உறை தடிமனானது. கைக்குழந்தையின் தொடைச்சிரைக்குள் அது போகாது, போனாலும் அந்தச் சிரையையே கெடுத்துவிடலாம். போகக்கூடிய சின்ன ஸ்டென்ட்டை வைத்தால் அது ஓரளவுக்கு மேல் விரியாது. பத்து வருடம் கழித்து அதுவே அடைப்பாகி நிற்கும். அப்போது அதை உயர் அழுத்தத்தில் உடைத்துத் திறக்க வேண்டும், இல்லையென்றால் அறுவை. அதனால்தான் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பலூனையே திரும்பத் திரும்பப் போட்டு, எடை ஏறும்வரை நாளைக் கடத்துகிறார்கள்.

இது புரிந்ததும் நான் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிட்டது. அதுவரை "எது பெஸ்ட் டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் கேட்டது: "இப்போது வைக்கும் இது, அவளுக்கு இருபது வயதாகும்போது என்னவாக இருக்கும்?" டாக்டர் பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். இப்போது 10. ஒன்பது பத்து வயதில் ஒரு தடவை பலூனால் விரித்து 14. வளர்ந்து முடிந்ததும் 18. விரிக்க விரிக்க இந்த ஸ்டென்ட் நீளத்தில் குறையும், அதனால் இப்போதே நீளத்தைக் கணக்குப் பண்ணித்தான் எடுக்க வேண்டும். ரொம்ப நீளமானால் மேலே கைச்சிரைகள் சேரும் வாயை மறைக்கும், கீழே மேலறைக்குள் துருத்தும். குட்டையானால் பிடிமானம் இல்லாமல் நகர்ந்துவிடும். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆபத்துகளையும் கேட்டேன், மறைக்காமல் சொன்னார். சிரை கிழிந்து இதய உறைக்குள் ரத்தம் சேரலாம். அதற்காகத்தான் துணி போர்த்திய ஸ்டென்ட் ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்கள், அறுவைக் குழுவும் கூப்பிட்டால் வரும் நிலையில் இருக்கும். ஸ்டென்ட் நழுவி இதயத்துக்குள் போகலாம். உள்ளே ரத்தம் உறையலாம். மூச்சுத்தசைக்குப் போகும் நரம்பு (இது நிஜ நரம்பு) மேல் பெருஞ்சிரையை ஒட்டியே ஓடுகிறது, அது பாதிக்கப்படலாம். மூன்றாவது வழியாக, மறுபடி நெஞ்சைத் திறந்து, ஒட்டு வைத்து அகலப்படுத்தும் அறுவையும் இருந்தது. கத்தீட்டர் (சிரை வழியே உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய்) வழி தோற்றால்தான் அது என்று முடிவு செய்தோம்.

2019 நவம்பரில் ஸ்டென்ட் வைத்தார்கள். தொடையில் ஒன்று, கழுத்தில் ஒன்று என இரண்டு இடத்திலிருந்து போனார்கள். வித்தியாசம் 1-க்கு இறங்கியது. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அஞ்சு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கதைகளை மூட்டை கட்டிக்கொண்டு போங்கள். எங்கள் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் கணவர் வண்டிப்பெரியாறிலிருந்து எர்ணாகுளம் வரை ஜீப் ஓட்டினார், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தபடியே. குட்டிக்கானம் வளைவு ஒன்றுகூட விடவில்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய ஆறு மாதம் பற்றி யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கம்பியின் மேல் உடம்பின் சொந்தப் படலம் வளர்ந்து மூடும் காலம் அது. எடைக்கேற்ற சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஒருநாளும் தவறக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே இதய மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அரிதாக ரை சிண்ட்ரோம் என்ற கடுமையான கல்லீரல், மூளைப் பாதிப்பு வரக்கூடும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அம்மை போட்டபோது, வேப்பிலை கட்டுவதற்கு முன்னால் நான் போனைத்தான் எடுத்தேன். காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுப்பதும் கூடாது. அந்த ஆறு மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2017-ல் தொடங்கிய ஹிருத்யம் திட்டத்தில் அவள் பெயர் பதிவாகியிருந்ததால் சிகிச்சைச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. போக்குவரத்து, தங்கல், ஜீப் ஓடாத நாட்கள் விழுந்தன. 2017-ல் ஸ்டென்ட் விலையை அரசு குறைத்துவிட்டதே என்று உறவினர்கள் சொல்வார்கள். அந்த உச்சவரம்பு மாரடைப்புக்காரர்களுக்கு வைக்கும் இதயத் தமனி ஸ்டென்ட்டுக்கு வந்தது. பெருஞ்சிரைக்கு வைப்பது வேறு பொருள். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வார்டில் தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து வந்த ஒரு தாயோடு பழக்கம் ஆனது. என்னை அக்கா என்பாள். இதை எழுத அவளிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். அவள் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, வாரக்கணக்கில் சிரைக்குழாய் வழியே ஊட்டம் பெற்றவன். அந்தக் குழாயைச் சுற்றி ரத்தம் உறைந்து மேல் பெருஞ்சிரை குறுகிவிட்டது. முகம் வீங்கியதோடு, நெஞ்சுக்குள் பால் போன்ற நீரும் சேர்ந்தது. உடம்பின் நிணநீர்க் குழாய் கழுத்துப் பக்கம் சிரையில்தான் வந்து கொட்டுகிறது, அங்கே அழுத்தம் ஏறினால் கொட்ட முடியாமல் நெஞ்சில் கசியும். மூன்று கிலோகூட இல்லாத பிள்ளைக்கு ஸ்டென்ட் பேச்சே எடுக்கவில்லை. உறைவைக் கரைக்க மருந்து, பிறகு பலூன், ஐந்து மாதத்தில் மறுபடி பலூன். அதோடு நின்றது. அவனுக்கு இன்றுவரை கம்பி தேவைப்படவில்லை. "உன் பிள்ளைக்கு ஸ்டென்ட், என் பிள்ளைக்கு வெறும் பலூன், எங்களை ஏமாத்துறாங்களாக்கா?" என்று ஒருநாள் ராத்திரி அழுதாள். ஒரே சிரை, ஒரே வீக்கம். காரணமும் எடையும் வேறு, அதனால் வழியும் வேறு. இதை அன்றைக்கு அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நுரையீரல் சிரைகள் குறுகும் பிள்ளைகளின் கதை முற்றிலும் வேறு. அதில் சிரையின் சுவரே உள்பக்கமாக வளர்ந்துகொண்டே வரும். பலூன் போட்டாலும், ஸ்டென்ட் வைத்தாலும் உள்ளேயே மறுபடி அடைக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கத்தீட்டர் அறைக்குப் போக வேண்டியிருக்கும். வளர்ச்சியைத் தடுக்க சிரோலிமஸ் போன்ற மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பெற்றோர்கள் என் மகளின் அனுபவத்தை அளவுகோலாக எடுக்க வேண்டாம்.

2024 ஜனவரியில், ஒன்பது வயதில், காகிதத்தில் வரைந்தபடியே ஸ்டென்ட்டை 14-க்கு விரித்தார்கள். அதற்கு முன் எக்கோவில் வித்தியாசம் 4 என்று வந்திருந்தது. இந்தத் தடவை அந்த நாலைக் கேட்டு நான் பதறவுமில்லை, அலட்சியப்படுத்தவும் இல்லை. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய அளவு போதவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதே வருடம் அமெரிக்காவில், கைக்குழந்தைக்கு வைத்துப் பெரியவர் அளவு வரை விரிக்கக்கூடிய மினிமா என்ற ஸ்டென்ட்டுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி நுரையீரல் தமனிக் குறுகலுக்கும் மகாதமனிக் குறுகலுக்கும்தான், சிரைகளுக்கு அல்ல. இருந்தாலும் கம்பத்துத் தோழியிடம் போனில் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் தந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. எந்த நிறுவனம், எந்த மாடல், எவ்வளவு நீளம், எத்தனை மில்லிமீட்டருக்கு விரித்தது, அதிகபட்சம் எவ்வளவு விரியும் என எதுவும் இல்லை. நான்கு வருடம் கழித்து விரிக்கப் போகும் டாக்டருக்கு இதெல்லாம் வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும் உலோகம் என்ன என்று கேட்பார்கள். திரும்பப் போய்க் கேட்டு வாங்கினேன். ஸ்டென்ட் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எல்லாம் அச்சாகியிருக்கிறது, ஒன்றைக் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். வீடு திரும்பும் நாளிலேயே அதைக் கேளுங்கள். கத்தீட்டர் படங்களைக் குறுவட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகல் ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று குமுளியில் என் தம்பி வீட்டில், ஒன்று அவள் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது.

அவளுக்கு இப்போது பதினொன்று. ஞாயிறு போட்டோவை அவளே எடுத்து எனக்கு அனுப்புகிறாள். அடுத்த மாதம் எர்ணாகுளம் போகிறோம், வருடாந்திர எக்கோ. கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 18-க்கு விரிப்பது எந்த வயதில், அதற்குமுன் சி.டி. ஸ்கேன் தேவையா, பெரியவளானபின் எந்த டாக்டரிடம் மாற வேண்டும். கீழே அவள் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறாள். பள்ளி கபடி அணியில் சேரலாமா என்று.